மேலோரம்

பாயான் லெப்பாஸ், மூன்றாவது மாடி.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நானும் ஹஃபீஸும் ஒரு நிறுத்துக் கடிகாரமும்.
அந்தப் பக்கம் புஷ்பலீலா.
பட்டர்வொர்த்தில் சரக்கு ஏஜென்சி ஒன்றில்
இருபத்திரண்டு வருடமாகக் கிளார்க்.
குளிருக்குத் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
எலியைக் கையில் எடுத்தாள்.

நேற்றைய படிவத்தைத் திறந்து
அச்சுக்கு அனுப்பச் சொன்னோம்.

அவள் மேலே பார்க்கவில்லை.
வாசலுக்கு வந்தவர்
குனியாமலே செருப்பை உதறுவதுபோல்
ஒரு வீச்சு.
அம்பு போய் உச்சியில் மோதி நின்றது.
அழுத்தினாள்.
ஒன்றும் திறக்கவில்லை.

திறக்காது.
பட்டியை நான் உச்சியோடு ஒட்டவில்லை.
இரண்டு புள்ளி இறக்கி வைத்திருந்தேன்,
மேலே ஒரு வெள்ளைக் கோடு,
திரை மூச்சு விடட்டும் என்று.
கோலாலம்பூரிலிருந்து வந்த பெரியவர்கள்
அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்
"சந்தேக்" என்றார்கள், அழகாம்.
எனக்கும் அன்று இரவு தூக்கம் நன்றாக வந்தது.

கேரம் பலகைக்குச் சட்டம் எதற்கு?
எவ்வளவு வேகமாகச் சுண்டினாலும்
காய் தரையில் விழாமலிருக்க.
திரையின் ஓரமும் அப்படித்தான்,
கை தப்பவே முடியாத இடம்.
கண்ணை மூடிக்கொண்டு வீசலாம்.
அந்தச் சட்டத்துக்கு முன்னால்
இரண்டு புள்ளி அகலத்தில்
நான் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தேன்.

மறுபடி வீசினாள். மறுபடி.
நாலாவது தடவை வீசவில்லை.
மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு,
முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய்,
அம்பை எறும்புபோல் நகர்த்தி
"கோப்பு" என்ற எழுத்தின்மேல் வைத்தாள்.
திறந்தது.
"சாரி லா, எனக்கு இதெல்லாம் சட்டுனு வராது."

ஹஃபீஸ் பதினோரு விநாடி என்று குறித்தான்.
பக்கத்துப் பத்தியின் தலைப்பு: பயனர் பிழை.
நாலு கோடு போட்டான்.
அமைத்தவர் பிழைக்கு
அந்தத் தாளில் பத்தி இல்லை.
தாளையும் நான்தான் அமைத்திருந்தேன்.

மைலோ குடித்துக்கொண்டே அதை எட்டிப் பார்த்தாள்.
"'மற்றவை'ன்னு ஒரு கட்டம் போடுங்க.
எங்க சுங்கப் படிவத்துல
அதுதான் முதல்ல ரொம்பும்."

அவள் போனபிறகு ஹஃபீஸ் வாதாடினான்.
இப்போது எல்லார் மேசையிலும் இரண்டு திரை.
வேலை வலது திரையில்,
பட்டி இடது திரையின் உச்சியில் என்றால்
ஒரு கோப்பை மூட
கை கேமரன் மலை ஏறி இறங்கணுமா?
ஒவ்வொரு சன்னலுக்கும் அதன் தலையிலேயே
பட்டி இருக்கட்டும் என்றான்.
சன்னலுக்குச் சுவர் ஏது என்றேன்.
தூரத்தைவிடச் சுவர் பெரிதா என்றான்.
தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.
ஏழு மணிக்கு அவன் தொழுகைக்கு எழுந்தான்,
வாதம் மேசைமேல் கிடந்தது.

தனியாக உட்கார்ந்து
வெள்ளைக் கோட்டை அழித்தேன்.
இரண்டு என்ற எண்ணை அடித்து
சுழியம் என்று போட்டேன், அவ்வளவுதான் வேலை.
கண்ணை மூடி வீசினேன்.
திறந்தது.
தலையைக் குனிந்து வீசினேன்.
திறந்தது.
கண்ணைத் திறந்து பார்த்தபோது
திரை நெரிசலாக இருந்தது,
ஞாயிற்றுக்கிழமை லிட்டல் இந்தியா போல.
அழகு போய்விட்டது, பொய் சொல்வானேன்.

விளக்கணைக்க அந்த அறைக்குள் போனேன்.
அவள் நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்திருந்தாள்,
கோப்பையைக் கைத்தாளால் மூடியிருந்தாள்.
திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
அம்பை வலது மேல் மூலையில்
சாத்திவிட்டுப் போயிருந்தாள்,
நனைந்த குடையைச் சுவரோரம் சாத்துவதுபோல்.

அங்கே நான் எதுவும் வைத்திருக்கவில்லை.
அடுத்த பதிப்பில்
மணி ஒன்று வைக்க இடம் பார்த்து வைத்திருந்தேன்.

குறிப்பேட்டை எடுத்து எழுதினேன்:
வலது மேல் மூலை, காலியாக.
காரணம் என்ற கட்டத்தில்: மற்றவை.